ஊர் பார்த்தவரும் ஊரில் இருந்தவரும்

சென்ற ஆண்டு கல்லூரி ஆண்டுமலருக்கென ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. எழுதியவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் முதுகலை பயின்றவர். குளச்சலை அடுத்த கடற்கரைச் சிற்றூர்க்காரர். இப்போது குரோஷியாவில் வேலை பார்க்கிறார். தலைப்பு 'அட்ரியாட்டிக் கடலோரம் ஒரு சொர்க்கம்'. துப்ரோவ்னிக் நகரின் மதிற்சுவர், பிளித்விச்சே பூங்காவின் பதினாறு ஏரிகள், ஸ்பிளிட் நகரில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனை எனப் பத்திக்கு ஓர் இடமாக நடந்து, 'வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டிய நாடு' என்று முடிந்திருந்தது. பிழையில்லாத தமிழ். ஆனால் அந்நாட்டில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்த ஒருவரின் கட்டுரை என்பதற்கு அதில் ஒரு சான்றும் இல்லை. நாகர்கோவிலை விட்டு நகராமலே நம்மால் அதை எழுதியிருக்க முடியும்.

குரோஷியாவுக்கு நம்மவர் போவதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கக்கூடும். நம் மாவட்டத்துக்கு வெளிநாடு என்றால் வளைகுடாதான் நினைவுக்கு வரும். குரோஷியா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. கதவு திறந்ததும் அந்நாட்டு இளைஞர்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தார்கள். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 39 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் கோடைதோறும் கடற்கரைக்கு வந்து குவியும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சமைத்துப் போட, படுக்கை விரிக்க, கட்டடம் கட்ட ஆள் வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் விதித்துவந்த எண்ணிக்கை வரம்பை 2021இல் நீக்கினார்கள். 2024இல் வழங்கிய வேலை அனுமதிகள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். பக்கத்து நாடான போஸ்னியர், செர்பியர் நீங்கலாக, நேபாளியரும் இந்தியரும் பிலிப்பைன்ஸ்காரரும் அதில் கணிசம். தன் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பிறர் பிள்ளைகளை உள்ளே அழைக்கும் நாடு. நமக்கு இது புரியாத கணக்கன்று. கொத்தனாரும் ஓட்டல் பையனும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வர, நம் பிள்ளைகள் விமானம் ஏறும் ஊர்தான் இதுவும்.

கட்டுரையாளர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தார். நாலு மணிக்கு வந்தவர் எழுந்து போகையில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அவர் சொன்னவற்றில் ஒன்றுகூட அவர் கட்டுரையில் இல்லை.

ஸ்பிளிட் நகரில் ஒரு விடுதியின் சமையற்கட்டில் அவருக்கு வேலை. முதல் எட்டு மாதம் பாத்திரம் கழுவினார்; இப்போது காய் நறுக்குகிறார், மீன் சுத்தம் செய்கிறார். அந்த ஊர் மீன்சந்தையில் ஈ மொய்ப்பதில்லையாம்; பக்கத்திலுள்ள கந்தக ஊற்றின் வாடைதான் காரணம் என்று ஊரார் சொல்கிறார்களாம். சந்தையில் முதல்நாள் கண்ணில் பட்டது சாளை. அவர்கள் 'ஸ்ர்தேலா' என்கிறார்கள். உப்பும் ஒலிவ எண்ணெயும் தடவி நெருப்பில் வாட்டினால் தீர்ந்தது சமையல். தேங்காயும் புளியும் அரைத்து வைத்த சாளைப் புளிமுளத்தை நினைத்துக்கொண்டு அதை முதன்முதலில் தின்றபோது தொண்டையில் இறங்கவில்லை என்றார். இப்போது ஊருக்கு வந்து புளிமுளம் தின்றால் காரம் தாங்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

காற்றைப் பற்றி நிறையச் சொன்னார். கடற்கரைக்காரர் அல்லவா, வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த குடும்பம். அங்கும் காற்றுக்குப் பெயர் உண்டு. மலைக் கணவாய் வழியே வடகிழக்கிலிருந்து குளிராகக் கொட்டும் காற்று 'பூரா'. ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கியவருக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை; ஆனால் இது பனியைத் தொட்டுவிட்டு வருகிற காற்று. தென்கிழக்கிலிருந்து ஈரமாக வீசுவது 'யூகோ'. அது அடிக்கும் நாளில் எல்லோருக்கும் மனம் கனத்துப்போகும். பழைய துப்ரோவ்னிக் குடியரசில் யூகோ வீசும்போது சட்டம் இயற்றமாட்டார்கள் என்று ஒரு பேச்சு வழங்குகிறதாம். தலைமைச் சமையற்காரர் காரணமின்றி எரிந்து விழுந்தால் உடன் வேலை செய்பவர்கள் கூரைப்பக்கம் கைகாட்டி 'யூகோ' என்பார்களாம், அவ்வளவுதான் சமாதானம்.

மொழியைப் பற்றிச் சொன்னது நமக்குப் பெருவிருந்து. குரோஷிய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமை. விளி வேற்றுமையும் அதில் ஒன்று. ஆங்கிலம் மட்டுமே அறிந்த உடன்பணியாளர்கள் அதைக் கற்கத் திணறியபோது, நன்னூல் படித்த இவருக்கு அது எளிதாக விளங்கியிருக்கிறது. இவான் என்பவரை அழைக்கும்போது 'இவானே' என்கிறார்கள். 'முருகனேன்னு விளிக்கது மாதிரிதான் சார்' என்றார். (குமரி மாவட்டத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் 'விளித்தல்' வழங்குகிறது, வகுப்பில் விளி வேற்றுமையை விளக்க நாம் பாடுபட வேண்டியதில்லை.) எண்களைச் சொல்லிக் காட்டினார்: த்வா, திரி, செத்திரி... இரண்டுக்கும் மூன்றுக்கும் வடமொழி அறிந்த யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. அவர் அறையெடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு மூதாட்டி. அவர்கள் மொழியிலும் நம்முடையதைப் போல 'நீ', 'நீங்கள்' வேறுபாடு உண்டு. ஓராண்டு 'நீங்கள்' போட்டுப் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருநாள் திடீரென்று 'நீ' என்றிருக்கிறார். வாடகை இரண்டு நாள் தாமதமாகியிருந்த வேளை. அவமதிக்கிறார் என்று எண்ணி இவர் இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் அதே மூதாட்டி கதவைத் தட்டி ஒரு தட்டில் ஏதோ பலகாரம் கொடுத்து மறுபடியும் 'நீ' என்ற பிறகுதான் விளங்கியது. 'நம்ம ஊருல மக்களேன்னு விளிக்காவ இல்லியா, அதாக்கும் சார் அது' என்றார்.

இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். 'இதையெல்லாம் யாராம் எழுதுவாவளா சார்?' என்று சிரித்தார்.

நிற்க. இதையெல்லாம் எழுதிய ஒருவரை நமக்குத் தெரியும். அவரும் குரோஷியர்தான் என்பது காலத்தின் வேடிக்கை.

இவான் ஃபிலிப் வெஸ்தின் 1748இல் ஆஸ்திரியாவின் ஹோஃப் என்னும் ஊரில், தலைமுறைகளுக்கு முன் அங்கே குடிபெயர்ந்திருந்த குரோஷிய உழவர் மரபில் பிறந்தவர். ஆக, பிறக்கும்போதே புலம்பெயர்ந்தோர் பிள்ளை. கார்மல் சபைத் துறவியாகி, பவுலினோ என்று பெயர் கொண்டு, 1776இல் மலையாளக் கரையில் இறங்கினார். வராப்புழையை இருப்பிடமாகக் கொண்டு 1789 வரை இங்கே இருந்தார். கேரளத்தார்க்கு அவர் பவுலினோஸ் பாதிரி. ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சேறிய வடமொழி இலக்கணம் அவருடையது. 1790இல் ரோமில் வெளிவந்தது. கேரளத்துப் பிள்ளைகள் வடமொழிக்கு முதற்பாடமாகப் படித்துவந்த 'சித்தரூபம்' என்னும் பெயரையே அதற்கும் இட்டார். அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்து 1732இல் மறைந்த ஹான்ஸ்லெடன் என்னும் அர்ணோஸ் பாதிரியின் கையெழுத்துப் படியைப் பெரிதும் பயன்படுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காணாமற்போனதாகக் கருதப்பட்ட அந்தப் படி 2010இல் இத்தாலியில் ஒரு மடத்து நூலகத்திலிருந்து மீண்டும் கிடைத்தது.

பவுலினோஸ் நம் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறார். திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜாவை, அதாவது கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவை, அவர் சந்தித்தது பத்மநாபபுரம் அரண்மனையில். (பத்மநாபபுரம் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தது, பழைய நாஞ்சில் நாட்டு எல்லைக்குள் வராது என்று நண்பர்கள் திருத்த வேண்டாம், அறிவோம்.) தமிழக மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அந்த மரமாளிகைக்கு மாணவர்களை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறோம். அங்கே ஒரு குரோஷியத் துறவி கால் வைத்த கதையை ஒருமுறையும் சொன்னதில்லை. அது நம் குறை.

அவருடைய பயணநூல் 1796இல் ரோமில் இத்தாலிய மொழியில் வந்தது. 1800இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. பயணநூல் என்று பெயர். உள்ளே இருப்பது இருப்பின் நூல். பிள்ளை பிறந்தால் என்ன செய்கிறார்கள், எப்படி மணம் முடிக்கிறார்கள், எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை, நாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள், வழக்கை எப்படித் தீர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பகுதி புகழ் பெற்றது. தென்னை நிழலில் அரைநிர்வாணமாக வரிசையில் உட்கார்ந்து, வலக்கைச் சுட்டுவிரலால் மணலில் எழுத்தெழுதி, அடுத்த எழுத்துக்கு இடக்கையால் மணலைத் தடவிச் சமன்செய்யும் பிள்ளைகளை அவர் காட்டுகிறார். ஆசானுக்கு இரண்டு மாதத்துக்கு இரண்டு பணம் கூலி; பணமில்லாதவர் அரிசி கொடுப்பார்கள் என்று அதையும் எழுதிவைத்தார். அந்த இடக்கைதான் நம்மைக் கவர்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் வலக்கையைத்தான் பார்ப்பார். இடக்கை தடவுவதைக் காண, பார்த்ததையே பல நாள் பார்த்துச் சலித்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷாருக்கு முன் இந்தியாவில் கல்வி எவ்வாறிருந்தது என்ற விவாதத்துக்காகத் தரம்பால் 1983இல் தம் நூலை வெளியிட்டபோது இந்தப் பகுதியைத் தேடி எடுத்துச் சேர்த்தார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய நம் பிள்ளைகளின் கையசைவுக்கு நமக்குக் கிடைக்கும் சாட்சி ஓர் அந்நியத் துறவி. மதம் பரப்ப வந்தவர் அவர். அவருடைய கண்ணுக்குத் திரையும் உண்டு, தீர்ப்புகளில் கசப்பும் உண்டு. அவர் எழுதியதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த மணலில் எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்கோ ஆசானுக்கோ, இது எழுதிவைக்கத் தக்கது என்று தோன்றவில்லை. 'இதையெல்லாம் யாராம் எழுதுவாவளா' என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

தமிழில் பயண இலக்கியத்துக்குக் குறைவில்லை. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இலேயே வந்துவிட்டது. தம்மைப் பின்னே நிறுத்திக்கொண்டு எதிரே இருப்பதைச் சிறுசிறு தகவலாகச் சொல்லும் அவருடைய நடை இன்றும் பழசாகவில்லை. தி. ஜானகிராமனின் 'கருங்கடலும் கலைக்கடலும்' கிழக்கு ஐரோப்பாவைத் தமிழில் நெருங்கிப் பார்த்த அரிய நூல். ஆனால் இவர்கள் விருந்தினர்கள். விருந்தினருக்கு வீட்டின் முன்னறைதான் திறக்கும். பின்னால் வந்த பெரும்பான்மைப் பயணக் கட்டுரைகளோ முன்னறையைக்கூடப் பார்க்காமல் வாசற்கதவின் வேலைப்பாட்டை வருணித்துவிட்டுத் திரும்பியவை. அவற்றிலிருந்து ஒரு பகுதியைப் பாடநூலில் வைத்து, 'நீ கண்ட சுற்றுலாத் தலம்' என்று ஆறாம் வகுப்பிலிருந்து கட்டுரை எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். நம் மாணவர் ஏரிகளை எண்ணியதில் வியப்பில்லை. அவர் கட்டுரைக்கு மதிப்பெண் போட்ட கை நம்முடையதுதானே.

ஓரிடத்தில் இருந்து, உழைத்து, சலித்து எழுதியவர்கள் வேறு வகை. ஐ.நா. பணியில் ஆப்பிரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த அ. முத்துலிங்கத்தின் கதைகளில் அந்தச் சலிப்பு நகைச்சுவையாகக் கனிந்திருப்பதைக் காணலாம். நம் மாவட்டத்து மீரான் மைதீனின் 'அஜ்னபி' நாவல் அரபு நாட்டு வாழ்வை உள்ளிருந்து பேசுகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். அரை நூற்றாண்டாகக் குளச்சல், தேங்காய்ப்பட்டணம், தக்கலை, திருவிதாங்கோடு என்று ஊர் ஊராக ஆட்கள் வளைகுடா போனார்கள். கடற்கரையிலிருந்து போனவர்கள் அங்கேயும் மீன்தான் பிடித்தார்கள். அத்தனை பேருக்கு எத்தனை நூல்? மலையாளத்தில் எழுபதுகளிலேயே துபாய்க்குக் கணவனை அனுப்பிய பெண்ணின் கடிதத்தை எஸ்.ஏ. ஜமீல் பாட்டாக எழுதி வீடுதோறும் ஒலிக்கச் செய்தார். 2008இல் பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' வந்தது. நம் பக்கம், எண்பதுகளில் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்பினார்கள். கேட்டு முடித்தபின் அதே நாடாவில் சினிமாப் பாட்டைப் பதிந்துகொண்டார்கள். அந்தக் குரல்களெல்லாம் பாட்டுக்கு அடியில் கிடக்கின்றன. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் குரல் அனுப்புகிறார்கள். கைப்பேசி மாறும்போது அதுவும் போகும்.

இதை நம் மாணவரிடம் சற்று உணர்ச்சியோடே சொன்னோம். பவுலினோஸ் கதையையும் சொன்னோம். கவனமாகக் கேட்டார். பிறகு அவர் சொன்ன மறுமொழி நம்மை வாயடைக்கச் செய்தது.

'சார், நான் பாத்திரம் களுவுனேன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது' என்றார்.

வீட்டார் அவரை ஓட்டல் மேலாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போவதற்கு முகவருக்குக் கொடுத்த பணம் அம்மாவின் நகையை ஈடுவைத்து வாங்கியது. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் அண்ணன் என்பது அந்தப் பேச்சில் ஒரு பெரிய எடை. ஆறு பேர் ஓர் அறையில் கிடந்ததையும், ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் திறப்பதைச் சட்டம் கட்டுப்படுத்தியிருப்பதை அறியாமல் முதல் ஞாயிறு பட்டினி கிடந்ததையும், பனியில் வழுக்கி விழுந்து கை பிசகியும் வேலைக்குப் போனதையும் ஆண்டுமலரில் அச்சிட்டால், அது நாலு வீடு தாண்டி அம்மா கையில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? சொர்க்கம் என்று அவர் எழுதியது அழகுணர்ச்சியால் அன்று. அது வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நீட்சி.

பவுலினோஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் தாழ்ந்த நிலையில் வந்தவரல்லர். அவரை அனுப்பியது ரோம். மன்னர் வரவேற்றார், சபை அச்சிட்டது. பாத்திரம் கழுவுகிறவனுக்கு அன்றாடத்தை எழுதுவது தன் மானத்தை எழுதுவது. இவ்வளவு நாள் வகுப்பில் 'அனுபவத்தை எழுதுங்கள்' என்று சொல்லிவந்த நாம், அதன் விலையை யார் கட்டுவது என்று யோசித்ததில்லை. எழுதாதவர்களைக் குறை சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினோம். இவ்விடத்தில் அந்தக் குற்றச்சாட்டைப் பாதியாவது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாதிதான். ஏனென்றால் சாளையும் பூரா காற்றும் 'நீ' என்று விளித்த மூதாட்டியும் எழுதத் தடையில்லாதவை. அவற்றை எழுதினால் அவர் பாத்திரம் கழுவினாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை. எந்த மேலாளருக்கும் மீன் தின்னவும் வாடகை பாக்கி வைக்கவும் உரிமை உண்டு. மானத்துக்குப் பங்கமில்லாத அன்றாடமே மலைபோல் கிடக்க, அதையும் சேர்த்துப் புதைப்பது வேறு பழக்கம். அதற்குப் பொறுப்பு வறுமையோ வரனோ அன்று, நாம் கற்பித்த கட்டுரை இலக்கணம். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மலர்க்குழுவில் இதைப் பேசினோம். ஏரிக் கட்டுரையை நிறுத்திவைத்து, வேறு ஒன்று எழுதிவாங்கலாம் என்றோம். மூத்த சக பேராசிரியர் ஒருவர், 'வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை ஆசையாக அனுப்பியிருக்கிறது. படங்களும் நன்றாக இருக்கின்றன. மீன் சுட்டுத் தின்றதைப் போட்டால் கல்லூரிக்கு என்ன பெருமை?' என்று கேட்டார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. கட்டுரை படங்களோடு அச்சாகிவிட்டது.

மாணவர் திரும்பிப் போய் நான்கு மாதமாகிறது. சென்ற வாரம் நம் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கோடுபோட்ட நோட்டுப்புத்தகத்தின் ஒரு பக்கம். நமக்கு நன்கு தெரிந்த சாய்ந்த கையெழுத்து. படகுத்துறையில் வலை பின்னும் ஒரு கிழவரைப் பற்றிய பதினேழு வரி. கிழவர் போடும் முடிச்சும் தன் அப்பா போடும் முடிச்சும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். ஒரே வேறுபாடு, அப்பா வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு முடிச்சிடுவார். கிழவர் சப்பாத்து அணிந்திருப்பதால் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாராம். கீழே, யாரிடமும் காட்ட வேண்டாம் சார் என்று ஒரு குறிப்பு. பெயரும் ஊரும் சொல்லாமல் முடிச்சை மட்டும் சொல்லலாமா என்று கேட்டோம். இரண்டு நாள் கழித்து, ஆணியையும் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.